ஒத்தை வெடி

தம்பி, இப்ப என்ன சொன்னீக? சன்னல் வழியா எங்க கண்மாயைப் பார்த்துட்டு வாய்க்குள்ள என்னமோ சொன்னீகளே. "கடவுள் இருக்காருய்யா"ன்னுதான? நான் கேட்டுட்டேன். வெக்கப்படாதீக, சரியாத்தான் சொன்னீக. அந்த மரத்து மேல வெள்ளை வெள்ளையா உட்கார்ந்திருக்குல்ல, அதைப் பார்த்துட்டு அப்படிச் சொல்லாதவன் மனுசனே இல்ல. அந்த மாதிரி ஆளை இழுத்துப் போட்டு மிதிக்கணும்.

கொஞ்சம் தள்ளி உட்காருங்க. பை மடியிலேயே இருக்கட்டும். சிவகங்கை வரைக்கும்தான நீங்க? நானும் அங்கதான். கோர்ட்டுக்குப் போறேன். பதறாதீக, திருட்டுக் கேஸு இல்ல. அடிதடி. அதுவும் வெளியாளை இல்ல, என் சொந்த மருமகனைத்தான். என்னைப் பார்த்தா அடிக்கிற ஆளு மாதிரியா தெரியுது? எல்லாரும் அப்படித்தான் கேப்பாக. இவ்வளவு பொறுமையாப் பேசுறீகளே, நீங்களா அடிச்சீகன்னு.

எம்பேரு சேவுகன். ஊரு மேலநாரணி. நீங்க பார்த்தது எங்க ஊருக் கண்மாய். எங்க ஊருல வெடி கிடையாது தம்பி. கல்யாணம், காதுகுத்து, கோயில் கும்பிடு, இழவு, எதுக்கும் கிடையாது. தீபாவளிக்கும் கிடையாது. மேளம் அடிக்கணும்னாக்கூட ரோட்டுக்கு அங்கிட்டுப் போயி அடிச்சுட்டு வரணும். ஏன்னா மழை இறங்கினதும் இந்தப் பறவைக வந்துரும். கூழைக்கடா, நத்தைகொத்தி, கரண்டிமூக்கன், வக்கா, அம்புட்டும் வரும். எங்கிட்டு இருந்து வருதோ, யாரு வழி சொன்னாகளோ. வந்து கருவேல மரத்துல கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரிச்சு, பறக்கப் பழக்கி, வெயில் ஏறவும் கூட்டிட்டுப் போயிரும். வெடிச்சத்தம் கேட்டா அலறி எழும்பும். எழும்புறப்ப கால் பட்டு முட்டை உருண்டு தண்ணிக்குள்ள விழுந்துரும். அதனால எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து யாரும் வெடியைத் தொடறதில்ல. எங்க ஊருப் பிள்ளைகளுக்கு மத்தாப்புன்னா என்னன்னு தெரியாது.

ஊருல எல்லாரும் இதைப் பழக்கம்னு செய்றாக. நான் அப்படி இல்ல. நான் சாமியைப் பார்த்துட்டுச் செய்றேன். சிரிக்காதீக தம்பி. நான் பார்த்திருக்கேன்.

எனக்கு மூத்தது ஒரு பையன். அஞ்சு வயசு. காய்ச்சல்னு படுத்தான், எந்திரிக்கவே இல்ல. குழியை மூடிட்டு வந்த மறுநா கோடாலியைத் தூக்கிக்கிட்டுக் கண்மாய்க்குள்ள இறங்கிட்டேன். பங்குனி மாசம், தண்ணி முழங்காலுக்குத்தான் கிடந்துச்சு. பிந்தின கூட்டுல குஞ்சுக இன்னும் பறக்காம இருந்துச்சு. எனக்கு ஆத்திரம்னா அப்படி ஒரு ஆத்திரம். இத்தனை குஞ்சைக் காப்பாத்துற சாமிக்கு என் ஒத்தைக் குஞ்சைக் காப்பாத்தத் தெரியலையா? தலைமுறை தலைமுறையா வாயைப் பொத்திக்கிட்டு இருந்தோமே, அதுக்கு இதுதான் கூலியா? ஒரு மரம் விடாம வெட்டிச் சாய்ச்சிட்டு, கடைசி மரத்துல தூக்குப் போட்டுச் செத்துருவோம்னு கயிறும் எடுத்துக்கிட்டுத்தான் போனேன்.

நடு மத்தியானம். தலை பொரியுற வெயில். முதல் மரத்துல கோடாலியை ஓங்கிட்டு மேல பார்க்கிறேன், ஒரு நாரை கூட்டுல ரெக்கையை விரிச்சுக்கிட்டு நிக்குது. என்னடா இது, பறக்கவும் இல்லாம உட்காரவும் இல்லாம நிக்குதேன்னு பார்த்தா, அதுக்குக் கீழ குஞ்சு. குஞ்சு மேல வெயில் படாம நிழல் கட்டிக்கிட்டு நிக்குது தம்பி. சூரியன் நகர நகர அதுவும் திரும்புது. அலகு பிளந்து, தொண்டை துடிக்க இளைக்குது, ஆனா ரெக்கையை மடக்கல. அப்புறம் அதோட ஜோடி வந்துச்சு. வாய் நிறையத் தண்ணி மொண்டுக்கிட்டு வந்து குஞ்சு மேல ஊத்துச்சு. நம்ம பிள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரி ஊத்துச்சு.

பொழுது சாயுற வரைக்கும் கோடாலியோட அப்படியே தண்ணிக்குள்ள நின்னேன். பையனைப் புதைச்சப்ப வராத அழுகை அன்னைக்கு வந்துச்சு. யாரு தம்பி அதுக்குச் சொல்லிக் கொடுத்தது? எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுச்சு? அந்த ரெக்கைக்குள்ள நின்னது சாமி. வேற யாரா இருக்கும்? என் பையனும் எங்கயோ அப்படி ஒரு நிழல்லதான் இருக்கான்னு மனசுக்குப் பட்டுச்சு. அது மட்டும் படலைன்னா நான் இன்னைக்கு உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்க மாட்டேன். கயிறை அங்கேயே வீசிட்டு, இனிமே உன் குஞ்சுகளுக்கு நான் காவல்னு கும்பிட்டுட்டுக் கரையேறினேன்.

காவல்னா லேசா? கண்ணி வைக்க வந்தான் ஒருத்தன், வெளியூர்க்காரன். வக்காவைப் பிடிச்சுக் கடைக்குக் கொடுக்கிறவன். கையும் களவுமா பிடிச்சேன். "ஐயா, பிள்ளைகுட்டிக்காரன்"னு காலைப் பிடிச்சான். எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. அதனால உசுரை விட்டுட்டு, ரெண்டு விரலை மட்டும் பின்னாடி மடக்கி ஒடிச்சேன். கண்ணி முடிய விரல் வேணும்ல. அப்புறம் அவன் இந்தப் பக்கம் வரவே இல்ல. வேற பிழைப்புக்குப் போயிருப்பான், நல்லா இருப்பான்.

கொட்டுக்காரன் ஒருத்தன் கரை மேல ஏறி அடிச்சுட்டான், அவன் தவிலைக் கிழிச்சு அவன் தலையிலேயே மாட்டி அனுப்பினேன். எங்க வீட்டுலயே ஒரு நாய் வளர்த்தேன் தம்பி, செவலை. நான் எங்க போனாலும் பின்னாடியே வரும். ஒரு நா கூட்டை விட்டு விழுந்த குஞ்சைக் கவ்விக்கிட்டு வாலை ஆட்டிக்கிட்டு எங்கிட்டயே கொண்டாந்து போட்டுச்சு. நான் சொல்லித்தான அது எல்லாத்தையும் கொண்டாரும். கரையிலேயே அடிச்சுக் கொன்னேன். அன்னைக்கு நான் சோறு திங்கல. சொந்தம் வேற, காவல் வேற. சொந்தத்துக்கு ஒரு நியாயம், ஊரானுக்கு ஒரு நியாயம்னு இருந்தா அது காவலா?

இப்படி முழிக்கிறீகளே. வக்காக் கூட்டை நீங்க உத்துப் பார்த்ததில்ல. குஞ்சுகள்ல வலுத்தது, மெலிஞ்சதைக் கொத்திக் கொத்தியே கீழ தள்ளிரும். மண்டையில ரத்தம் வர்ற வரைக்கும் கொத்தும். தாய் பக்கத்துலயேதான் நிக்கும், ஒண்ணும் சொல்லாது. முன்னெல்லாம் அதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். அப்புறம் பிடிபட்டுச்சு. சாமிக்குக் கை ரெண்டு. ஒண்ணு அணைக்கும், ஒண்ணு அடிக்கும். அணைக்கிற கைக்கு ஆளு நிறைய இருக்காக. உங்கள மாதிரி பஸ்ஸுல உட்கார்ந்து "ஆகா"ங்கிற ஆளுக. அடிக்கிற கைக்குத்தான் ஆளு வேணும். அந்தச் சோலியை நான் எடுத்துக்கிட்டேன். பறவையைப் பார்க்க வந்த பெரிய மனுசர் ஒருத்தரு எனக்குத் துண்டு போத்தி, "உங்களால்தான் இந்த இடம் இப்படி இருக்கு"ன்னு சொன்னாரு. அவருக்கு என் கையைப் பத்தித் தெரியாது. தெரிஞ்சாலும் போத்தியிருப்பாரு.

பையனுக்குப் பின்னாடி எனக்கு ஒரு மக. பொன்னழகு. அவளை நான் வளர்த்த மாதிரி யாரும் வளர்த்திருக்க மாட்டாக. தோள்ல தூக்கிக்கிட்டுத்தான் கரையைச் சுத்துவேன். எந்தக் குஞ்சு எந்தக் கூடுன்னு அவளுக்குத் தெரியும். எட்டு வயசுல பள்ளிக்கூடத்துல யாரோ கொடுத்தாகன்னு துப்பாக்கி ரோல் கேப்பு கொண்டாந்துட்டா. சிவப்புக் காகிதத்துல பொட்டுப் பொட்டா மருந்து இருக்குமே, அது. கொல்லைப்புறத்துல கல்லை வச்சுத் தட்டப் போனா. நல்லவேளை நான் பார்த்துட்டேன். திட்டல, அதட்டல. மடியில உட்கார வச்சு, ஒரே ஒரு பொட்டைக் கிள்ளி, அவ உள்ளங்கையில வச்சுக் கல்லால ஒரு தட்டுத் தட்டினேன். "குஞ்சுக்கு இப்படித்தான் இருக்கும் தாயி"ன்னு சொன்னேன். தோலு கொஞ்சம் பொசுங்கிருச்சு, நானே தேங்காயெண்ணெய் போட்டுவிட்டேன். அழுகவே இல்ல தம்பி அந்தப் பிள்ளை. அப்படியே என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அம்புட்டுப் பாசம். அதுக்குப் பிறகு அவ வெடிப் பேச்சே எடுத்ததில்ல.

அவளை என் அக்கா மகனுக்கே கொடுத்தேன். வீரணன். முறை மாப்பிள்ளை, கேட்டா இல்லேங்க முடியுமா? அக்காவைக் கொடுத்தது சிவகாசிப் பக்கம். அங்க வீட்டுக்கு வீடு வெடியாபீஸுல பட்டாசு செய்ற வேலைதான், இவனும் அதே வேலைதான். என் வீட்டுக்காரி இருளாயி சொன்னா, "வேற இடம் பார்ப்போம், இது உங்களுக்குச் சரிப்படாது"ன்னு. அக்காகிட்ட எப்படிச் சொல்றது? பரிசம் போட்ட அன்னைக்கு மாப்பிள்ளையைக் கரைக்குக் கூட்டிட்டுப் போயி தண்ணியில கை வச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னேன். "ஊருக்குள்ள ஒரு ஓலை வெடிகூடக் கொண்டார மாட்டேன் மாமா"ன்னு பண்ணினான். நல்ல பையன்தான். அதிர்ந்து பேச மாட்டான். அதுதான் என்னை ஏமாத்திருச்சு.

தலைதீபாவளி வந்துச்சு. அந்த வருசம் மழை முந்திருச்சு, புரட்டாசியிலேயே எல்லாம் வந்து கூடு கட்டி முட்டையில உட்கார்ந்திருச்சு. நானும் குறை வைக்கல. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, மோதிரம், எண்ணெய்க் குளியல், கறிக்கொழம்பு, இட்லி. நானே பரிமாறினேன். "போதும் மாமா"ங்கிறான், நான் விடல. தின்னு முடிச்சுட்டு ரெண்டு பேரும் காலாற நடந்துட்டு வர்றோம்னு ரோட்டுப் பக்கம் போனாக. சின்னஞ்சிறுசுக, போகட்டும்னு விட்டேன். நான் வழக்கம்போல கருவேலங்கம்பை எடுத்துக்கிட்டுக் கரையைச் சுத்தப் போனேன். தீபாவளியன்னைக்குத்தான் காவல் கூடுதல் வேணும்.

டமார்னு ஒரு சத்தம்.

ஒத்தை வெடி. எல்லைக்கல்லு இருக்கிற பாலத்துப் பக்கம் இருந்து வந்துச்சு. கூட்டமா எழும்பிருச்சு தம்பி. கூட்டமான்னா, வக்கா நாலஞ்சு. எழும்பி ஒரு சுத்து சுத்திட்டு உட்கார்ந்துச்சு. நாலஞ்சு எழும்பினா என்ன, நாப்பது எழும்பினா என்ன? எல்லாம் எழும்புச்சுன்னுதான் நான் கோர்ட்டுல சொல்லியிருக்கேன். முட்டை விழுந்துச்சான்னா, இறங்கித் தேடினேன், கிடைக்கல. தண்ணிக்குள்ள போயிருக்கும்.

ஓட்டமா ஓடுனேன். பாலத்துகிட்ட புகை இன்னும் நிக்குது. என் மக அங்க நிக்கிறா, கையில புகையுற ஊதுவத்தி. அவ பின்னாடி இவன். ரெண்டு கையாலயும் அவ காதைப் பொத்திக்கிட்டு நிக்கிறான், தன் காதைத் திறந்து போட்டுட்டு. அவ சிரிக்கிறா. குனிஞ்சு நிமிர்ந்து சிரிக்கிறா. அவளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அம்புட்டு மயக்கி வச்சிருக்கான் பாருங்க. பத்த வச்சுட்டு ஊதுவத்தியை அவ கையில கொடுத்திருக்கான், பழி அவ மேல போகட்டும்னு.

கம்பு எப்ப இறங்குச்சுன்னு எனக்கே தெரியல. முதல் அடி காதோட சேர்த்து. அவன் கையை எடுத்துத் தடுக்கக்கூட இல்ல, முதல்ல அவளை அங்கிட்டுத் தள்ளிவிட்டான். பொம்பளைப் பிள்ளையைத் தள்ளுறானேன்னு எனக்கு இன்னும் ஏறிருச்சு. விழுந்தான். விழுந்தவனை மிதிச்சேன். பட்டு வேட்டியெல்லாம் ரத்தம். நான் எடுத்துக் கொடுத்த வேட்டி. "மாமா, மாமா"ன்னான். வேற ஒண்ணும் சொல்லல. நான் வைக்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல? சொல்லல. செஞ்சவன்தான தம்பி வாயை மூடிக்கிட்டு அடி வாங்குவான்? அவ வந்து அவன் மேல விழுந்தா. "நான்தான்ப்பா வச்சேன், நான்தான்ப்பா"ன்னு கத்துறா. முடியைப் பிடிச்சுப் பதவிசா ஒதுக்கிவிட்டுட்டு மறுபடி அடிச்சேன். அவளுக்குத் தோள்பட்டை இறங்கிருச்சுன்னு சொன்னாக. அது அவ விழுந்த வாக்குல ஆனது. பெத்த பிள்ளையை நான் அடிப்பனா?

ரோட்டுல போன வேன்காரன் இறங்கி என்னை இழுத்துப் பிடிச்சான். இல்லேன்னா அன்னைக்குக் கதையே வேற.

இப்ப அவனுக்கு ரெண்டு காதும் கேக்கலையாம். கேஸுக்காகச் சொல்றான். நான் அடிச்சது ஒரு காதுலதான். இன்னொரு காதுல அடிச்ச ஞாபகம் எனக்கு இல்ல. அவுக வக்கீலு என்னைய நிக்க வச்சுக் கேக்குறான், "பாலம் எல்லைக்கல்லுக்கு அங்கிட்டுத்தான இருக்கு, ஊருக்குள்ள வெடிக்கலையே, அவர் சத்தியத்தை மீறலையே"ன்னு. சத்தத்துக்கு எல்லைக்கல்லு தெரியுமாய்யான்னு கேட்டேன்.

வீட்டுக்காரியா? அவளும் மக வீட்டுலதான் இருக்கா. அன்னைக்கே வேன்ல ஏறிப் போனவதான். பேரன் பிறந்திருக்கான், பிள்ளையைப் பார்த்துக்க ஆள் வேணும்ல. பின்னாடி வந்து துணிமணி, சாமான், அவ அம்மா வீட்டுல போட்ட குத்துவிளக்கு முதக்கொண்டு எடுத்துட்டுப் போயிட்டா. அங்க விளக்கு இருக்காது போல. நானே பொங்கித் திங்கிறேன். ஒண்ணும் கஷ்டமில்ல. பொழுது விடிஞ்சா கரைக்குப் போயிருவேன், அதுக இருக்குல்ல. அந்தச் செக்கச் செவேல்னு கிழக்கு வெளுக்கிறப்ப அம்புட்டும் ஒண்ணா ரெக்கையடிச்சு எழும்பும் பாருங்க, அப்ப எனக்கு வேற எந்த நினைப்பும் வராது. பேரனை மட்டும் இன்னும் பார்க்கல. யாரு சாயல்னு தெரியல. மூத்தவன் சாயல்னு யாரோ சொன்னாக.

இன்னைக்கு எல்லாம் முடிஞ்சிரும் தம்பி. என் வக்கீலு நேத்துப் போன் போட்டாரு. உம்ம மக சமாதானத்துக்கு வர்றேங்கிறா, மருமகனும் சரிங்கிறான், ஜட்ஜும் ஒத்துக்குவாரு, இல்லேன்னா நீரு உள்ள போறது உறுதின்னாரு. ஒரே ஒரு வார்த்தைதான் கேக்குறாளாம். "வெடி வச்சது என் மக, என் மருமகன் இல்ல"ன்னு நான் ஜட்ஜு முன்னாடி சொல்லணுமாம். அதுவும் வாய்ச்சொல்லாச் சொல்லக் கூடாதாம், நம்பிச் சொல்லணுமாம். சொன்னா கேஸை முடிச்சுட்டு, பேரனைத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வர்றேங்கிறா.

எப்படி தம்பி நம்புறது? புருசனைக் காப்பாத்தப் பொய் சொல்றா. நான் வளர்த்த பிள்ளை. உள்ளங்கையில வச்சு நான் சொல்லிக் கொடுத்த பிள்ளை. அவ வெடியைத் தொடுவாளா? சரி, பேச்சுக்கு வச்சுக்குவோம். அவதான் வச்சான்னே வச்சுக்குவோம். அப்ப நான் அன்னைக்கு பாலத்துகிட்ட யாரை...

இருங்க, கண்டக்டர் வர்றான். சிவகங்கை ஒண்ணு.

எதுல விட்டேன்? விடுங்க. இப்ப பஸ் நிக்கிற ஊரு என் மச்சினன் ஊரு. எம் மக குடும்பம் நேத்தே வந்து இங்கதான் தங்கியிருப்பாக. அந்தா, புளியமரத்தடியில நிக்கிறது என் வீட்டுக்காரிதான். இளைச்சுட்டா. அந்தப் பச்சைச் சேலை பொன்னழகு. இடுப்புல இருக்கிறதுதான் பேரன் போல. இந்தப் பஸ்ஸுலதான் ஏறப் போறாக. சட்டைக் காலரு சரியா இருக்கா தம்பி, பாருங்க.

ஏறிட்டாக. பொன்னழகு என்னைப் பார்த்துட்டா. பார்த்துட்டு முன்னாடி சீட்டுலேயே உட்கார்ந்துட்டா. அவ பின்னாடி ஏறுனானே, வெள்ளைச் சட்டை, அவன்தான் வீரணன். கண்டக்டர் "உள்ள போங்க, உள்ள போங்க"ன்னு கத்துறான், நடுவழியில அப்படியே நிக்கிறான் பாருங்க. அவ கையைத் தொட்டுக் காட்டவும் நகர்றான். என்னமா நடிக்கிறான். பிள்ளையை வாங்கி மடியில வச்சுக்கிட்டான். சன்னல் பக்கம் பார்க்கிறான்.

அப்பா, என்னா ஆரன் அடிக்கிறான் இந்த டிரைவரு. நீங்களே துள்ளிட்டீக. பிள்ளை அலறுது பாருங்க, காதுகிட்ட அப்படி அடிச்சா அலறாதா? அவன் ஏன் இன்னும் சன்னலையே பார்த்துக்கிட்டு இருக்கான்? மடியிலதான பிள்ளை கிடக்கு. டேய், பிள்ளை அழுகுதுடா. இருளாயி தோளைத் தட்டுறா. இப்பத்தான் குனிஞ்சு பார்க்கிறான். பிள்ளை வாயைப் பார்த்துட்டுத்தான் பதறுறான்.

கேட்டிருக்கும் தம்பி. இம்புட்டுச் சத்தம் கேக்காம இருக்குமா?

பொன்னழகு எந்திரிச்சுட்டா. பிள்ளையை வாங்கிக்கிட்டு இங்கிட்டுத்தான் வர்றா. வாத்தா. வா, உட்காரு. தம்பி, கொஞ்சம் இடம் விடுங்க, இவதான் எம் மக. உட்கார வரலைங்கிறியா? சரி, நின்னுக்கிட்டே பேசு.

வக்கீலு சொன்னாரான்னு கேக்குறா தம்பி. சொன்னாருத்தா. என்ன சொல்லப் போறேன்னு கேக்குறா. பிள்ளை பேரு என்னத்தா? பேரைச் சொல்ல மாட்டேங்கிறா பாருங்க. மூத்தவன் சாயலேதான். நெத்தியைப் பாருங்க தம்பி, அவனேதான்.

கத்தாதத்தா, பஸ்ஸே பார்க்குது. கேட்டீகளா இவ சொல்றதை? பிறந்ததுல இருந்து ஒரே ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் கேக்கணும்னு ஆசையாம். அவன் வேணாம் வேணாம்னானாம், இவதான் கெஞ்சிக் கொண்டாரச் சொன்னாளாம். எல்லைக்கல்லைத் தாண்டித்தான் வைக்கணும்னு அவன் கூட்டிட்டுப் போனானாம். இவதான் குனிஞ்சு பத்த வச்சாளாம். "நான்தான் வச்சேன்ப்பா, நம்புறியா இல்லையா, அதை மட்டும் சொல்லு"ங்கிறா.

நான் என்னத்தைச் சொல்ல? தம்பி, நீங்க சொல்லுங்க, நான் என்னத்தைச் சொல்ல?

அழுகாதத்தா. நீ என்ன பண்ணுவ, சின்னப் பிள்ளை. இங்க வா, பிள்ளையை இப்படிக் காட்டு, தலையை ஒரு தடவை...

தம்பி.

தம்பி, என் கையை ஏன் பிடிக்கிறீக? விடுங்க, வலிக்குது. ஏப்பா கண்டக்டரு, நீ எதுக்கு ஓடி வர்ற? ஏத்தா, நீ ஏன் பிள்ளையை மூடிக்கிட்டுப் பின்னாடி போற? இவுக தப்பா நினைச்சுட்டாக. நான் ஓங்கலத்தா. போகாத, நில்லு.

கையை விடுங்க தம்பி. பேரன் தலையைத் தடவத்தான் தூக்குனேன். இம்புட்டு நேரம் எங்கூடப் பேசிக்கிட்டு வந்தீகல்ல, நீங்களாவது அவகிட்டச் சொல்லுங்க. தடவத்தான் தூக்குனேன். சத்தியமாச் சொல்றேன், நம்புங்க.